கேளுங்கோ, சொல்லுறன்: கூகிளுக்கு ஒடியல் தெரியுமா?

மாஸ்ரர், நானும் அக்காவும் பனங்கிழங்கில் செய்யும் ஒடியல் மா, புழுக்கொடியல், பனம்பழத்துப் பனாட்டு எல்லாம் பொதி செய்து கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்புகிறோம். 'யாழ்ப்பாண ஒடியல் மா' என்று எத்தனை தரம் எழுதுகிறோமோ அவ்வளவுக்கு மேலே வரும் என்றார் இணையத்தளம் செய்து தந்த தம்பி. அப்படியே எழுதினோம், ஒன்றும் நடக்கவில்லை. இப்போது 'எல்.எஸ்.ஐ. சொற்கள்' என்று ஒரு பட்டியலுக்குக் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, சுன்னாகம்

கொடுக்க வேண்டாம் தங்கச்சி. அந்தக் காசுக்கு நல்ல வெளிச்சத்தில் நாலு படம் எடுப்பியுங்கள்.

நீங்கள் அனுப்பிய முகவரியில் போய்ப் பார்த்தேன். முதல் வசனமே 'யாழ்ப்பாண ஒடியல் மா வாங்க யாழ்ப்பாண ஒடியல் மா விற்கும் எங்களிடம் யாழ்ப்பாண ஒடியல் மா' என்று போகிறது. முற்றுப்புள்ளி வருவதற்குள் எனக்கு இளைத்துவிட்டது. லண்டனில் இருக்கும் மாமி இதை வாசித்துவிட்டா காசு அனுப்பப் போகிறா?

ஒரு காலத்தில் இந்த வித்தை எடுபட்டது உண்மை. தேடுபொறி எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்திருக்கும், புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி. நாம் தேடும்போது அந்த அட்டவணையைத்தான் புரட்டுகிறது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. எல்லா இடத்திலும் கிடக்கும் சொல்லுக்கு மதிப்புக் குறைவு, அரிதாக வரும் சொல்லுக்கு மதிப்புக் கூட. 1972இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அம்மையார் இதைக் கணக்காக்கிக் காட்டினார். உங்கள் பக்கத்தில் 'மா' என்பது சும்மா ஒரு சொல். கோதுமை மா விற்பவரிடமும் அது இருக்கும். 'ஒடியல்' தான் சரக்கு.

சரி, அந்தச் சரக்கையே திரும்பத் திரும்ப அடுக்கினால்? பின்னால் வந்த கணக்கு முறைகள் அதற்கும் கடிவாளம் போட்டுவிட்டன. இரண்டாம் தரத்துக்குக் கொஞ்சம் பலன், மூன்றாம் தரத்துக்கு அதிலும் குறைவு, அப்புறம் பலன் கூடாமல் வளையி (வரைபுக் கோடு) படுத்துவிடும். உயர்தரத்தில் கணிதம் செய்தவர்களுக்கு இது விளங்கும். அளவு மிஞ்சினால் கூகிள் அதை ஏமாற்று வேலை என்றே எடுத்து உங்களைக் கீழே தள்ளலாம். அதன் விதிகளிலேயே அப்படி இருக்கிறது.

எல்.எஸ்.ஐ. என்பது 1980களின் கடைசியில் அமெரிக்காவில் வந்த ஒரு கணித முறை. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேர்ந்து வருகிறது என்று பார்த்துப் பொருளை ஊகிப்பது. இணையம் பரவுவதற்கு முந்திய, சிறிய ஆவணத் தொகுப்புகளுக்கான சங்கதி அது. 'எல்.எஸ்.ஐ. சொற்கள் என்று ஒன்றும் கிடையாது' என்ற கருத்தில் கூகிளில் வேலை செய்யும் ஜோன் முல்லர் 2019இல் பகிரங்கமாகவே சொல்லிவிட்டார். பட்டியல் விற்பவர்கள் மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

அதற்காகத் தொடர்புடைய சொற்கள் வீண் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய தேடுபொறி, கோடிக்கணக்கான பக்கங்களை வாசித்து எந்தச் சொல்லுக்கு எது உறவு என்று தானாகவே பழகி வைத்திருக்கிறது. 2015இல் கூகிள் வெளியில் சொன்ன ராங்க்பிரெய்ன் இந்த வகைதான். தேடுபவர் அடித்த சொல் பக்கத்தில் அப்படியே இல்லாவிட்டாலும், சொல்ல வந்த விஷயம் பொருந்துகிறதா என்று அதனால் பார்க்க முடியும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒடியல் மா கசக்கும், தண்ணீரில் ஊறவைத்து மேலே தெளிந்த நீரை வடித்துவிட வேண்டும் என்று எழுதுங்கள். கூழுக்கு நண்டு, இறால், பயித்தங்காய், பலாக்கொட்டை எப்போது போடுவது, பழப்புளி எப்போது விடுவது, செத்தல் மிளகாய் எவ்வளவு அரைப்பது என்று அக்காவைக் கேட்டு எழுதுங்கள். பனங்கிழங்கை அவித்துக் காயவிட்டால் புழுக்கொடியல், பச்சையாகக் காயவிட்டால் ஒடியல் என்ற வித்தியாசத்தையும் சொல்லுங்கள். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. தம்பி விற்க வந்த பட்டியலில் இருப்பதைவிட நல்ல சொற்கள் தாமாக வந்து விழும்.

பனங்கட்டி விற்கிறதானால், தமிழ்நாட்டில் கருப்பட்டி என்பார்கள் என்று ஒரே ஒரு தரம் சொல்லி வையுங்கள். அங்கேயும் வாங்குகிற ஆள் இருப்பார்.

மாஸ்ரர், சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். 'ரயர்' என்று எழுதுவதா 'டயர்' என்று எழுதுவதா?
– வாசகர், கோண்டாவில்

உங்கள் கடைப் பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். இந்த வயதில் நான் 'டயர்' என்று எழுத மாட்டேன். ஆனால் தேடுபொறி எழுத்து மலிந்த இடத்தில்தான் நன்றாகப் பழகும். இந்தியத் தமிழ்ப் பக்கங்கள் மலை போலக் குவிந்து கிடக்க, நம்முடைய எழுத்துக்கூட்டல் ஒரு மூலையில் கிடக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்பதை அது எப்போதும் பிடித்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. ஆகையால் விலைப்பட்டியலில் ஓரிடத்தில் 'டயர், டியூப்' என்றும் போட்டு விடுங்கள். மானம் போகாது.

இதைவிட முக்கியம், சனம் உண்மையில் என்ன அடித்துத் தேடுகிறது என்று பார்ப்பது. கூகிளின் சேர்ச் கொன்சோல் இலவசம். எந்தெந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் காட்டப்பட்டது என்று அதில் வரும். ஆங்கில எழுத்தில் தமிழை அடிக்கிறவர்களும் அங்கே அகப்படுவார்கள். இன்னொன்று: கூகிள் வரைபடத்தில் கடைப் பெயரோடு 'கோண்டாவில் மலிவு ரயர்' என்றெல்லாம் ஒட்டாதீர்கள், விதிக்கு மாறு. பலகையில் உள்ள பெயர் மட்டும் போதும்.

பக்கத்தின் தலைப்பகுதியில் ஒளித்து வைக்கும் 'கீவேர்ட்ஸ்' வரியில் எத்தனை சொல் போடலாம்?
– வாசகர், நெல்லியடி

பூச்சியம். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகிள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

'நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் படகு நேரம்' என்று தேடினால், குறிகாட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போவதையே காட்டுகிறது. இது ஏன்?
– வாசகி, வேலணை

நல்ல கேள்வி பிள்ளை. சொற்களை மட்டும் எண்ணும் இயந்திரத்துக்கு இரண்டு தேடலும் ஒன்றேதான்: நெடுந்தீவு, குறிகாட்டுவான், படகு, நேரம். எந்தப் பக்கம் போகிறோம் என்பது 'இலிருந்து', 'உக்கு' என்ற ஒட்டுகளில் இருக்கிறது. பழைய முறைகள், வேர்ச்சொல்லைப் பிடிப்பதற்காக அந்த ஒட்டுகளைத்தான் முதலில் வெட்டி எறியும்.

ஆங்கிலத்திலும் இதே தொல்லை. பிரேசில்காரர் அமெரிக்கா போக விசா வேண்டுமா என்று கேட்டால், பிரேசில் போகும் அமெரிக்கருக்கான பக்கத்தைக் காட்டியதாம். கூகிளே சொன்ன உதாரணம் இது. இதைத் திருத்தத்தான் வசனத்தை முழுதாக, முன்னும் பின்னும் சேர்த்து வாசிக்கும் பேர்ட் என்ற முறையை 2019 ஒக்ரோபரில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதே டிசம்பரில் எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தபோது தமிழும் சிங்களமும் அதில் இருந்தன.

அப்படியிருந்தும் ஏன் பிழை விடுகிறது என்றால், நெடுந்தீவிலிருந்து திரும்பும் நேரத்தைத் தமிழில் யாராவது ஒழுங்காக எழுதி வைத்திருக்க வேண்டுமே! இல்லாத பக்கத்தை எந்தப் பொறி காட்டும்? நீங்கள் அடிக்கடி போய்வருபவர் என்றால் இறங்குதுறையில் கேட்டு, எந்த மாதத்து நேரம் என்ற குறிப்போடு எழுதிப் போடுங்கள்.

எங்கள் கோயில் வரலாறு முழுவதும் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கோயில் பெயரை அடித்தாலும் வருவதில்லை.
– வாசகர், மானிப்பாய்

பாமினி எழுத்துருவில் தட்டிய பக்கம் ஐயா அது. திரையில் நமக்குத் தமிழ். உள்ளே தேடுபொறி காண்பது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். அதில் கோயில் பெயர் எங்கே இருக்கும்? எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றுங்கள், மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு யாராவது ஒருக்கால் வரிவரியாக வாசிக்க வேண்டும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படும், யுனிகோடில் பின்னால் சேமிக்கப்படும். அதனால் கெ, கே, கொ, கோ வரும் இடங்களில்தான் பிழை கூட விழும், அவற்றை முதலில் பாருங்கள்.