வயிற்றுக்குள் ரத்தக்கட்டி: புற்றுநோயாளிகளின் வீட்டிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: அப்பாவுக்குக் கணையப் புற்றுநோய். மூன்றாவது கீமோவுக்கு முன் எடுத்த ஸ்கேனில் போர்ட்டல் வெயினில் ரத்தக்கட்டி என்று இருக்கிறது. அவருக்கு வலியே இல்லையே டாக்டர், இது எப்படி வந்தது?

குடல், மண்ணீரல், கணையம் எல்லாவற்றின் ரத்தத்தையும் சேர்த்துக் கல்லீரலுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் போர்ட்டல் வெயின். கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அதன் வழியாகத்தான் போகிறது. கணையம் அதை ஒட்டியே இருப்பதால், புற்றுநோய்க் கட்டி நெருக்கும்போது ரத்த ஓட்டம் மந்தமாகிவிடும். அதோடு புற்றுநோய் ரத்தத்தையே சீக்கிரம் உறையும்படி மாற்றிவிடுகிறது. பிரெஞ்சு மருத்துவர் ஆர்மண்ட் ட்ரூசோ 1865-லேயே இந்தத் தொடர்பை விளக்கினார். பிறகு தன் உடம்பிலேயே ரத்தம் உறைந்ததைக் கண்டு, தனக்கும் புற்றுநோய் என்று புரிந்துகொண்டார். 1867-ல் அந்த நோயிலேயே இறந்தார்.

வலியே இல்லாமல் ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவது இதில் சகஜம். அதனால் அடுத்த கீமோ வரை காத்திருக்க வேண்டாம். ரிப்போர்ட்டை உடனே உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போடுகிறார்கள். அம்மாவுக்கு மட்டும் வேண்டாம் என்கிறார்கள். கைவிட்டுவிட்டார்களா?

இல்லை அம்மா. கல்லீரல் புற்றுநோயில் சில சமயம் புற்றுநோய்க் கட்டியே ரத்தக்குழாய்க்குள் வளர்ந்துவிடும். ஸ்கேனில் அதுவும் அடைப்பாகத்தான் தெரியும். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேனில், கட்டிக்கு ரத்த ஓட்டம் இருப்பதால் அது ஒளிரும். வெறுமனே உறைந்த ரத்தம் ஒளிராது. கட்டியை இந்த ஊசி ஒன்றும் செய்யாது, அதற்குப் புற்றுநோய்க்கான சிகிச்சைதான் வேண்டும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கலாம். அவை வெடித்தால் ரத்த வாந்தி வரும். அதனால் முதலில் எண்டோஸ்கோபியில் பார்த்து, தேவைப்பட்டால் அவற்றுக்கு வளையம் போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஊசியைத் தொடங்குவார்கள். டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "குழாய்க்குள் இருப்பது உறைந்த ரத்தமா, புற்றுநோய்க் கட்டியா? எண்டோஸ்கோபி பார்த்தாகிவிட்டதா?"

கேள்வி: ஊசி போட்டுப் போட்டு என் கணவரின் வயிறெல்லாம் நீலமாகிவிட்டது. இரண்டு மாதம் ஆகிறது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த மருந்து, ஏற்கெனவே உள்ள ரத்தக்கட்டியைக் கரைப்பதில்லை. அது மேலும் வளராமல் பிடித்து வைக்கிறது, கரைக்கும் வேலையை உடம்பு மெதுவாகச் செய்கிறது. பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை தேவைப்படும். புற்றுநோய் இன்னும் உடம்பில் இருந்தாலோ கீமோ நடந்தாலோ அதற்கு மேலும் நீளும். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே இறங்கினால் அளவைக் குறைப்பதா, கொஞ்ச நாள் நிறுத்துவதா என்று டாக்டர் முடிவெடுப்பார்.

ஊசியைத் தினமும் இடம் மாற்றிப் போடுங்கள், தொப்புளுக்குப் பக்கத்தில் வேண்டாம், போட்ட இடத்தைத் தேய்க்கவும் வேண்டாம். அபிக்சபான், ரிவரோக்சபான் போன்ற மாத்திரைக்கு மாற முடியுமா என்றும் கேட்கலாம். ஆனால் இரைப்பையிலோ குடலிலோ புற்றுநோய்க் கட்டி இருந்தால் இந்த மாத்திரைகளால் ரத்தக்கசிவு பயம் அதிகம். விலைதான் சிரமம் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாமல் ஊசியை விட்டவர்கள் நிலைமை மோசமாகித் திரும்பி வரும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது.

கேள்வி: கீரை சாப்பிடலாமா?

ரத்தம் உறையாமல் இருக்கப் போடுவது ஹெபாரின் வகை ஊசி, அபிக்சபான் என்றால் தாராளமாக. அதற்கான இன்னொரு மாத்திரையான வார்ஃபரின் என்றால் கீரையின் அளவை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைக்காதீர்கள். கீரையைவிட எனக்குப் பயம் கடையில் கேட்டு வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வலி மாத்திரைகள்தான், அவை ரத்தக்கசிவைக் கூட்டும்.

கேள்வி: எப்போது நடுராத்திரி என்றாலும் ஓட வேண்டும்?

தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும், ஆனால் நோயாளி வலியில் துடிப்பார். குடலின் ரத்தக்குழாய் அடைபட்டால் அப்படித்தான் இருக்கும். தாமதித்தால் குடல் அழுகிவிடும். ரத்த வாந்தி, மயக்கம், தார் போலப் பிசுபிசுத்து நாறும் மலம் இவற்றுக்கும் காத்திருக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இருக்காது. போனதும் கடைசி ஊசியோ மாத்திரையோ எத்தனை மணிக்கு என்பதை முதலில் சொல்லுங்கள்.