விளையாட்டு வீரராக இருந்து குணச்சித்திர நடிகர் ஆனவர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்?

யோசிக்கவே வேண்டாம், பிரவீன் குமார் சோப்தி. பெயர் சொன்னால் தெரியாதவர்களுக்கும் ஆளைத் தெரியும். 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தில் மதனுக்குக் காவலாக வரும் பீம் பாய் அவர்தான். தூர்தர்ஷன் மகாபாரதத்தில் பீமனும் அவரே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தி ஒரு வார்த்தைகூடப் புரியாமல், அவர் கதாயுதத்தோடு வருவதை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த ஆகிருதிக்காகவே எங்கிருந்தோ பிடித்து வந்த ஆள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் இந்தியாவுக்காக இரண்டு ஒலிம்பிக்கில் ஆடியவர் என்று. 1968 மெக்சிகோவில் சங்கிலிக் குண்டு எறிதல், 1972 மியூனிக்கில் வட்டு எறிதல். அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. ஆனால் ஆசிய விளையாட்டில் 1966, 1970 என அடுத்தடுத்து இரண்டு முறை வட்டு எறிதலில் தங்கம், இரண்டும் பேங்காக்கில். 1966 காமன்வெல்த் போட்டியில் சங்கிலிக் குண்டில் வெள்ளி. அர்ஜுனா விருதும் வாங்கியவர். எல்லைப் பாதுகாப்புப் படையில் அதிகாரி.

வட்டு எறிபவருக்குக் கிடைக்கும் இடம் இரண்டரை மீட்டர் விட்டமுள்ள ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான். இரண்டு கிலோ வட்டோடு அதற்குள் ஒன்றரைச் சுற்று சுழன்று, மொத்த வேகத்தையும் விரல் நுனி வழியாக வெளியே அனுப்ப வேண்டும். விட்ட கையோடு உடம்பைப் பிடித்து நிறுத்தவும் வேண்டும். வட்டு தரையில் விழுவதற்குள் காலை வெளியே வைத்துவிட்டால் அந்த எறிதல் செல்லாது. சுழல்வதைவிட நிற்பதுதான் கஷ்டம் என்று எனக்குத் தோன்றும்.

பீம் பாயிடம் நான் ரசிப்பது அந்த நிற்பதைத்தான். வசனம் மிகக் குறைவு. மதனின் உதவியாளர் அவினாசியாக வரும் நாகேஷ் கண், கை, குரல் எல்லாவற்றாலும் துடித்துக்கொண்டிருப்பார். இவர் பக்கத்தில் மலை மாதிரி நிற்பார். அவர் அசையாமல் நிற்பதால்தான் நாகேஷின் பதற்றம் இரண்டு மடங்காகத் தெரிகிறது. அந்த இடத்தில் வெறும் பயில்வானாக ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றிருந்தால் காட்சி பாதியாகியிருக்கும். முதலாளி சொன்னதை அப்படியே செய்துவிடும் ஒரு வெகுளித்தனம் அவர் முகத்தில் இருக்கும். மிரட்டவும் செய்கிறது, பிடித்தும் போகிறது.

2022 பிப்ரவரி 7 அன்று, 74 வயதில் காலமானார். நான் பார்த்த செய்திகளில் எல்லாம் தலைப்பில் பீமன்தான் இருந்தான். பேங்காக்கில் வாங்கிய தங்கங்களைத் தேடி உள்ளே போக வேண்டியிருந்தது. அது எனக்கு நிஜமாகவே வருத்தம். நாம் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்த அந்தத் தோள்கள் அந்த மைதானங்களில் உருவானவை.