கணக்குப்பிள்ளை பதில்கள்: பந்து போன பின் வரும் அரசு

கேள்வி: என் மகள் பெர்க்லியில் படிக்கிறாள். "யுசிஎல்ஏ எங்களுக்கு ஆண்டுக்கு 1 கோடி டாலர் கட்டவேண்டும்" என்று சொல்லிச் சிரிக்கிறாள். ஒரு பல்கலைக்கழகம் விளையாட்டுக் கூட்டணி மாறினால் இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு ஏன் பணம் தரவேண்டும்? இதில் அரசு எங்கிருந்து வந்தது, ஐயா?
– ஒரு வாசகி, பிரீமாண்ட்

பதில்: மகள் சிரிக்கலாம் அம்மா, பணம் வருகிற பக்கத்தில் அல்லவா இருக்கிறாள்!

புதிய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்கக் கல்லூரி அணிகள் 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டணிகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. தொலைக்காட்சி உரிமையைக் கூட்டணி மொத்தமாக விற்று உறுப்பினர்களுக்குப் பங்கு பிரிக்கிறது. 1984-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழக ரீஜண்டுகள் (நிர்வாக வாரியத்தினர்) தொடுத்த வழக்கில், கல்லூரி விளையாட்டுகளின் தேசிய அமைப்பான என்சிஏஏ-வின் தொலைக்காட்சிப் பிடியை உச்ச நீதிமன்றம் உடைத்தது. அதற்குப் பிறகு யார் யாரோடு சேருவது என்பதைப் பெரும்பாலும் பங்குத் தொகைதான் முடிவு செய்கிறது.

2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸ் நகரின் யுசிஎல்ஏ-வும் யுஎஸ்சி-யும் பாக்-12 கூட்டணியை விட்டு பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதே ஆகஸ்டில் பிக் டென் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது. யுசிஎல்ஏ விளையாட்டுத் துறை அப்போது கடனில் மூழ்கிக் கிடந்தது. போனது ஏன் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டத்தின் பார்வையில் யுசிஎல்ஏ தனி ஆள் இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்ற ஒரே அமைப்பின் வளாகம் அது. பெர்க்லி இன்னொரு வளாகம். இரண்டுக்கும் மேலே ரீஜண்டுகள் வாரியம். அதன் 26 பேரில் 18 பேரை நியமிப்பவர் மாநில ஆளுநர். பதவிவழியில் அவரும் ஒரு ரீஜண்ட். அந்த ஆளுநர் கேவின் நியூசம், விஷயத்தைத் தானும் செய்தியில் படித்துத்தான் அறிந்ததாகச் சொன்னார்! ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் அதிகாரம் 1991-இலேயே வளாகத் தலைவர்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. வாரியத்தைக் கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அல்லது தோன்றாதது போல இருந்துவிட்டார்கள்.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கணக்குப் பிரிவில் தலை நரைத்தவன். என் கண்ணில் படுவது இதுதான்: லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெரிய சந்தை கழன்றுகொண்டதும் பாக்-12 விற்கும் சரக்கின் விலை விழுகிறது; அதே கூட்டணியில் இருந்த பெர்க்லியின் பங்கும் விழுகிறது. ஒரே பேரேட்டில் ஒரு பக்கம் வரவு ஏற, மறுபக்கம் வரவு இறங்குகிறது. பேரேட்டுக்குச் சொந்தக்காரர் கேள்வி கேட்கத்தானே வேண்டும்?

2022 டிசம்பர் 14 அன்று ரீஜண்டுகள் 11-க்கு 5 என்ற வாக்கில் அனுமதி தந்தார்கள். பெர்க்லிக்கு ஆண்டுக்கு 20 லட்சம் முதல் 1 கோடி டாலர் வரை தரவேண்டும். மாணவ வீரர்களின் உணவு, மனநலம், படிப்பு உதவி, பயணம் ஆகியவற்றுக்குக் கூடுதலாகச் செலவிடவேண்டும் என்று நிபந்தனைகளும் போட்டார்கள். பிறகு பாக்-12 சிதறிப்போனது. பெர்க்லி 2023 செப்டம்பரில் ஏசிசி (அட்லாண்டிக் கோஸ்ட்) கூட்டணியில் இடம் பிடித்தது, அதுவும் முதல் சில ஆண்டுகள் குறைந்த பங்குக்கு. 2024 மே மாதம் ரீஜண்டுகள் உச்சத் தொகையான 1 கோடியையே, மூன்று ஆண்டுகளுக்கு, நிர்ணயித்தார்கள்.

இதை நான் பாதி வெற்றி என்பேன். நஷ்ட ஈடு வசூலானது, சரி. ஆனால் பசிபிக் கரையிலிருக்கும் பெர்க்லி அட்லாண்டிக் பெயர் கொண்ட கூட்டணியில் ஆடுவதையோ, யுசிஎல்ஏ-வின் சாப்ட்பால் பெண்கள் நியூ ஜெர்சி வரை பறப்பதையோ அது தடுக்கவில்லை. போக்குவரத்து ரசீதுகளைப் பார்த்துப் பழகியவனுக்கு அந்தப் பெண்களின் நினைப்புதான் முதலில் வருகிறது. அமெரிக்கக் கால்பந்து அணி வாரம் ஒருமுறைதான் ஆடும். மற்ற விளையாட்டுகளில் வாரத்தின் நடுவிலும் ஆட்டம் உண்டு, மறுநாள் காலை வகுப்பும் உண்டு.

கேள்வி: யுஎஸ்சி-யும் கூடவே போனதே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?
– ஒரு வாசகர், இர்வைன்

பதில்: அது தனியார் பல்கலைக்கழகம். அதன் நிர்வாகக் குழு சம்மதித்தால் போதும், ஆளுநருக்கு அங்கே நாற்காலி இல்லை.

கேள்வி: டெக்சாஸ் சட்டமன்றம் மனம் வைத்தால் பல்கலைக்கழகங்களைக் கட்டிப்போட முடியாதா? எங்கள் அலுவலகத்தில் இதுபற்றிப் பெரிய வாக்குவாதம்.
– ஒரு வாசகர், ஆஸ்டின்

பதில்: முடியும். ஆனால் நேரத்துக்கு வந்தால்தானே!

2021 ஜூலையில் டெக்சாஸும் ஓக்லஹோமாவும் பிக் 12 கூட்டணியை விட்டு எஸ்இசி கூட்டணிக்குப் போகின்றன என்று செய்தி கசிந்தது. ஜூலை 30 அன்று இரு பல்கலைக்கழகங்களின் ரீஜண்டுகளும் அழைப்பை ஏற்றார்கள். மாநில செனட் குழு விசாரணைக்கு உட்கார்ந்தது ஆகஸ்ட் 2. கல்யாணம் முடிந்து பந்தியும் எழுந்த பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதை. பல்கலைக்கழகத் தலைவர் சாட்சி சொன்னார், பிக் 12 ஆணையர் சொன்னார், பின்னால் விடப்பட்ட பேய்லர், டிசியு பல்கலைக்கழகங்களின் தலைவர்களும் வருத்தம் சொன்னார்கள். கூட்டணி மாற சட்டமன்ற ஒப்புதல் வேண்டும் என்று கீழவையில் ஒரு மசோதாவும் வந்தது. நிறைவேறவில்லை. இரு பல்கலைக்கழகங்களும் 10 கோடி டாலர் கொடுத்து ஓராண்டு முன்னதாகவே விடுபட்டு, 2024 ஜூலை 1 அன்று எஸ்இசி-யில் சேர்ந்துகொண்டன.

உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது 1994-ஐ இழுத்திருப்பார். சவுத்வெஸ்ட் கூட்டணி உடைந்து, டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்-மும் பிக் எய்ட் கூட்டணியோடு சேர்ந்து பிக் 12 ஆகக் கிளம்பியபோது, டெக்சாஸ் டெக்கையும் பேய்லரையும் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்று தலைநகர் ஆஸ்டினில் அரசியல்வாதிகள் நெருக்கினார்கள். துணை ஆளுநர் பாப் புல்லக் டெக்கில் பட்டம் பெற்று, பேய்லரில் சட்டம் படித்தவர். ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் பேய்லர் மாணவி. யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதில் ஆளுக்கு ஒரு கதை உண்டு. ரிச்சர்ட்ஸின் பங்கை ஊதிப் பெருக்கியவர்களும் உண்டு. நிதி ஒதுக்கீட்டில் கை வைத்திருந்த புல்லக்கின் பேச்சுக்கு மறுபேச்சு இருந்திருக்காது என்றே நான் நம்புகிறேன். ஒரு விஷயம் கவனியுங்கள். பேய்லர் தனியார் நிறுவனம். அரசுப் பல்கலைக்கழகமான ஹூஸ்டன் வெளியே நின்றது! அது பிக் 12-க்குள் நுழைய 2023 ஆகிவிட்டது. 'அரசு தலையிட வேண்டும்' என்று கொடி பிடிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். அரசு என்பது அந்தந்த நேரத்தில் நாற்காலியில் இருப்பவர் படித்த கல்லூரியாகவும் இருந்துவிடும்.

கேள்வி: இப்படி ஓர் அரசு தலையிட்டு, நினைத்ததைச் சாதித்த கதை ஏதாவது உண்டா? எப்போது பார்த்தாலும் தோல்விக் கதையே சொல்கிறீர்கள்.
– ஒரு வாசகி, ரிச்மண்ட்

பதில்: உங்கள் வர்ஜீனியாவிலேயே இருக்கிறது அம்மா, அதுவும் எனக்குப் பிடித்த கதை.

2003-இல் ஒன்பது உறுப்பினர்கள் கொண்ட ஏசிசி, பிக் ஈஸ்ட் கூட்டணியிலிருந்து மயாமி, சிராக்யூஸ், பாஸ்டன் காலேஜ் ஆகிய மூன்றையும் இழுக்கத் திட்டமிட்டது. வர்ஜீனியா டெக் பட்டியலில் இல்லை. போனவர்கள் போக, மெலிந்த பிக் ஈஸ்ட்டில் அது தனித்து நிற்கவேண்டும். புதியவரைச் சேர்க்க ஏழு வாக்குகள் தேவை. டியூக்கும் வட கரோலினாவும் விரிவாக்கமே வேண்டாம் என்றன. மீதம் சரியாக ஏழு. அவற்றில் ஒன்று வர்ஜீனியா பல்கலைக்கழகம்.

ஆளுநர் மார்க் வார்னர் இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் குழுவை நியமிப்பவர் ஆளுநர்தான். டெக்கைச் சேர்க்காத எந்தத் திட்டத்துக்கும் அந்த வாக்கு விழாது என்ற நிலை உருவானது. அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் கேஸ்டீன் டெக்கின் பெயரைத் தானே முன்மொழிந்தார். ஜூன் மாதக் கடைசியில் அழைப்பு மயாமிக்கும் வர்ஜீனியா டெக்குக்கும் போனது. சிராக்யூஸ் பத்து ஆண்டுகள் காத்திருந்து 2013-இல்தான் உள்ளே வந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஜூன் தொடக்கத்தில் ஏசிசி மீது கனெக்டிகட் நீதிமன்றத்தில் வழக்குப் போட்ட பிக் ஈஸ்ட் பல்கலைக்கழகங்களில் டெக்கும் ஒன்று. கனெக்டிகட் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) ரிச்சர்ட் புளூமென்தால் முன்னின்று நடத்திய வழக்கு அது. அழைப்பு வந்ததும் டெக் வழக்கிலிருந்து நழுவிவிட்டது. ஒரு மாநிலம் நீதிமன்றத்துக்குப் போய்க்கொண்டிருக்க, இன்னொரு மாநிலம் ஒரே ஒரு வாக்கைக் கையில் வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துவிட்டது. வார்னர் புதுச் சட்டம் எதுவும் கொண்டுவரவில்லை. வாக்கெடுப்புக்கு முன்னால் வந்தார், அவ்வளவுதான்.

கேள்வி: வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தை எல்லோரும் கைவிட்டபோது எங்கள் மாநில அரசு என்ன செய்தது?
– ஒரு வாசகர், புல்மன்

பதில்: உங்களுக்குக் கைகொடுத்தது மாநிலத்தின் நீதிமன்றம். 2023 ஆகஸ்ட் 4 அன்று ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கும், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கும் கிளம்பின. கடைசியில் மிஞ்சியவை வாஷிங்டன் ஸ்டேட்டும் ஓரிகன் ஸ்டேட்டும். பாக்-12-இன் சொத்தும் வாக்குரிமையும் யாருக்கு என்று அந்த இரண்டும் உங்கள் பக்கத்து ஊரான கோல்பாக்ஸில், விட்மன் கவுண்டி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. எதிர்த்து வாதாட வந்து சேர்ந்தது யார்? அதே மாநிலத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகம். நவம்பரில் தீர்ப்பு மிஞ்சியவர்கள் பக்கம் விழுந்தது. டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. கூட்டணியின் பெயரும் கஜானாவும் கையில் இருந்ததால்தான் பிறகு பாய்சி ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் போன்றவற்றைச் சேர்த்து பாக்-12-ஐ மீண்டும் கட்ட முடிந்தது.

கேள்வி: விளையாட்டை விளையாட்டாக விடுங்கள். அரசியல்வாதி நுழைந்த எந்த இடம் உருப்பட்டது? உங்கள் பத்தியைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது.
– ஒரு வாசகர், டாலஹாசி

பதில்: டாலஹாசியிலிருந்து இந்தக் கேள்வியா, தம்பி! உங்கள் ஊர் புளோரிடா ஸ்டேட் 2023 டிசம்பரில் ஏசிசி மீது வழக்குப் போட்டது. 2024 ஏப்ரலில் மாநில அட்டர்னி ஜெனரல் ஆஷ்லி மூடி ஒப்பந்த ஆவணங்களைக் கேட்டுத் தனியாக இன்னொரு வழக்கும் போட்டார். கூட்டணியை விட்டுப்போகும்போது கேட்கப்படும் தொகை அரசுப் பல்கலைக்கழகத்தின் கடன். மேரிலாண்ட் ஏசிசி-யை விட்டு பிக் டென்னுக்குப் போனபோது 5.2 கோடி டாலர் கேட்டார்கள். மாநில அட்டர்னி ஜெனரல் வழக்காடினார். பல்கலைக்கழகம் தன்னை அரசின் அங்கம் என்று சொல்லி வழக்கிலிருந்து பெற நினைத்த விலக்கை வட கரோலினா நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2014-இல் 3.1 கோடிக்குச் சமரசம் ஆனது. வக்கீலை அரசு அனுப்பவேண்டும், ஆனால் முன்கூட்டி அரசிடம் சொல்லவேண்டாம் என்பது எந்த ஊர் நியாயம்?

சட்டமன்றம் வாக்குப் போட்டுக் கூட்டணியைத் தீர்மானிக்கவேண்டும் என்று நானும் சொல்லவில்லை. 1994-ஐ மேலே பார்த்தோம். 2024 பிப்ரவரியில் வட கரோலினா பல்கலைக்கழக வாரியம் கொண்டுவந்த விதி எனக்குப் போதும். கூட்டணி மாற விரும்பும் வளாகத் தலைவர் நிதித் திட்டத்தோடு முன்னதாக அமைப்பின் தலைவரிடம் போகவேண்டும். அவர் சரி என்றால்தான் மேற்கொண்டு நடக்கும்.

கேள்வி: எங்களைப் போன்ற பெற்றோர் இதில் ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு வாசகி, சான் டியேகோ

பதில்: முடியும் அம்மா. கலிபோர்னியா ரீஜண்டுகள் கூட்டத்தில் பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குகிறார்கள். பெயர் பதிந்துகொண்டு போய்ப் பேசலாம். தொலைக்காட்சிப் பங்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அதற்கான பதிலை அச்சடித்தே வைத்திருப்பார்கள். பெண்கள் வாலிபால் அணியின் பயண அட்டவணையைக் கேளுங்கள். எத்தனை வகுப்புகள் தவறின, தனி விமானம் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, பயணச் செலவு எந்தத் தலைப்பில் எழுதப்பட்டது என்று கேளுங்கள். வாய்மொழிப் பதிலை ஏற்காதீர்கள். கலிபோர்னியாவின் பொது ஆவணச் சட்டத்தின்படி எழுத்தில் விண்ணப்பித்து, ரசீதுகளின் நகலையும் சேர்த்து வாங்குங்கள்.