காலேஜ் பசங்களுக்கு ஓட்டர் லிஸ்ட் சந்தேகமா? கேளுங்க, சொல்றேன்

நான் அரசுப் பள்ளி டீச்சர். பிஎல்ஓ (வீடு வீடா போய் ஓட்டர் லிஸ்ட் விவரம் சரிபாக்குற பூத் லெவல் ஆபீசர்) வேலையும் பாத்திருக்கேன், பூத் டியூட்டியும் பாத்திருக்கேன். முதல் தடவை ஓட்டு போடப்போற புள்ளைங்க கேட்ட கேள்விகளுக்கு இங்க பதில் எழுதிருக்கேன். எல்லாருக்கும் பொதுவா ஒண்ணு சொல்லிடறேன், கார்டு கைல இருக்கான்னு பாக்காதீங்க, லிஸ்ட்ல பேரு இருக்கான்னு பாருங்க. கார்ட பர்ஸ்ல வச்சுக்கிட்டு நம்பிக்கையா வந்து, பேரு இல்லாம திரும்பிப் போற புள்ளைங்கள பாத்தா மனசு கேக்க மாட்டேங்குது.

கேள்வி: மேடம், சொந்த ஊரு தேனி, கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறேன். எங்க பேரு சேர்க்கணும்?

பதில்: எங்க வேணும்னாலும் சேர்க்கலாம்ப்பா, ஆனா ஏதாவது ஒரு இடத்துலதான். அப்பா அம்மா இருக்குற வீட்டு அட்ரஸ்ல சேர்த்துக்கலாம், இல்ல ஹாஸ்டல் அட்ரஸ்லயும் சேர்த்துக்கலாம். ஹாஸ்டல்னா அங்கீகரிக்கப்பட்ட கோர்ஸா இருக்கணும், குறைஞ்சது ஒரு வருஷப் படிப்பா இருக்கணும், பிரின்சிபால் இல்ல ரெஜிஸ்ட்ரார் கையெழுத்து போட்ட போனஃபைட் (இங்க படிக்கிறாங்கன்னு சொல்ற சர்டிஃபிகேட்) வைக்கணும். ரெண்டு இடத்துலயும் இருக்கட்டுமேன்னு மட்டும் விட்டுடாதீங்க, அது சட்டப்படி தப்பு, ஃபார்ம்ல பொய் டிக்ளரேஷன் குடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு. என்னைக் கேட்டா, ஓட்டு போட லீவு போட்டு ஊருக்குப் போக முடியும்னா ஊர்லயே வச்சுக்கோங்க, முடியாதுன்னா யோசிக்காம ஹாஸ்டலுக்கு மாத்திக்கோங்க. ஏற்கனவே ஊர்ல பேரு இருந்தா, புதுசா பேரு சேர்க்குற ஃபார்ம் 6 போடக்கூடாது, இடம் மாத்துறதுக்கு ஃபார்ம் 8.

கேள்வி: எனக்கு அக்டோபர் 12 வந்தா 18 முடியுது. இப்பவே அப்ளை பண்ணலாமா டீச்சர்?

பதில்: 17 முடிஞ்சிருந்தா முன்கூட்டியே போடலாம்மா. முன்னெல்லாம் ஜனவரி 1 ஒரு தேதிதான், அன்னிக்கு 18 ஆகலேன்னா அடுத்த வருஷம் வரைக்கும் காத்துக் கெடக்கணும். 2022ல இருந்து ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1னு நாலு தேதி. உனக்கு அக்டோபர் 1க்கு சில நாள் பத்தலை, அதனால ஜனவரி 1 கணக்குல வருவ. இந்த 18 வயசே 1989ல வந்ததுதான், அதுக்கு முன்னாடி 21.

கேள்வி: ஆன்லைன்ல ஃபார்ம் 6 நிரப்புறப்ப இனிஷியல் எங்க போடுறது? ஃப்ரெண்டுக்கு பேரே தப்பா வந்துடுச்சு.

பதில்: இதுலதான் நம்ம ஊரு புள்ளைங்க நிறைய பேரு மாட்டிக்கிறாங்க. நமக்கு சர்நேம் கெடையாது, அந்தக் கட்டத்துல எதையாவது போட்டா லிஸ்ட்லயும் அப்படியே ஒட்டிக்கிட்டு வந்துடும். உங்க 10ஆவது மார்க் ஷீட்லயும் ஆதார்லயும் இருக்குற மாதிரியே பேரு இருக்கட்டும், அப்பா இல்ல அம்மா பேருக்கு உறவுமுறைன்னு தனிக் கட்டம் இருக்கு. அப்புறம் முக்கியமா, இங்கிலீஷ்ல டைப் அடிச்சா தமிழ்ல அதுவே மாத்திக் காட்டும், அதை அப்படியே விட்டுடாதீங்க. வள்ளி "வல்லி" ஆகும், பழனி "பலனி" ஆகும். கீபோர்டை தமிழுக்கு மாத்தி நீங்களே திருத்துங்க. வீட்ல யாராவது ஒருத்தரோட எபிக் நம்பரும் (ஓட்டர் கார்டு நம்பர்) குடுத்தா லிஸ்ட்ல அவங்க இருக்குற அதே பாகத்துல சேர்க்க வசதியா இருக்கும். கடைசில ஒரு ரெஃபரன்ஸ் நம்பர் வரும், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. பிஎல்ஓ வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க, அப்ப அம்மாகிட்ட "ஆமா, என் பொண்ணுதான்"னு சொல்லச் சொல்லிட்டுப் போங்க.

கேள்வி: எஸ்ஐஆர் (ஓட்டர் லிஸ்ட் சிறப்புத் தீவிரத் திருத்தம்) அப்ப நான் சென்னைல இருந்தேன், வீட்ல யாரும் ஃபார்ம் குடுக்கல. இப்ப பேரு காணோம். கார்டு இருக்கே, அது போதாதா?

பதில்: போதாது தம்பி. 2025 நவம்பர் 4ல ஆரம்பிச்ச அந்த வேலைல வீடு வீடா குடுத்த ஃபார்ம் திரும்பி வரலேன்னா வரைவுப் பட்டியல்ல பேரு வராது. டிசம்பர் 19 வந்த பட்டியல்ல தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கு மேல பேரு இல்ல, இறந்தவங்க, ரெண்டு இடத்துல இருந்தவங்க, ஊர் மாறினவங்கன்னு காரணம் போட்டிருந்தாங்க. வெளியூர்ல படிக்கிற புள்ளைங்க வீட்ல இல்லாதப்ப ஊர் மாறினவங்க கணக்குல போக வாய்ப்பு ரொம்ப அதிகம். கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, ஃபார்ம் 6 போடுங்க, கூட கேக்குற உறுதிமொழியையும் சேர்த்துக் குடுங்க. தேர்தல் அறிவிச்சாச்சுன்னா வேட்புமனு கடைசி நாளுக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், அதுக்கு அப்புறம் போட்டா அந்தத் தேர்தலுக்கு உதவாது.

கேள்வி: லிஸ்ட்ல பேரு இல்லாட்டியும் ஆதார் காட்டி 49ஏ படி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், 14 சதவீதம் டெண்டர் ஓட்டு விழுந்தா மறுதேர்தல்னு ஃபேமிலி குரூப்ல வந்துச்சே?

பதில்: ரெண்டுமே பொய். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் இது சுத்துது, நம்பிட்டு வந்து பூத்ல சண்டை போடுறவங்களும் இருக்காங்க. 49ஏ ஓட்டு மெஷின் எப்படி இருக்கணும்னு சொல்ற விதி. சேலஞ்சுங்கிறது, வந்திருக்குற ஆள் உண்மையான ஆள் இல்லைன்னு கட்சி ஏஜென்ட் 2 ரூபா கட்டி ஆட்சேபிக்கிறது, நாம கேட்டு வாங்குறது இல்ல. டெண்டர் ஓட்டு மட்டும் நிஜம், 49பி (49P) விதி. லிஸ்ட்ல உங்க பேரு இருந்து, உங்களுக்கு முன்னாடியே எவனோ போட்டுட்டுப் போயிட்டா, நீங்கதான் அந்த ஆள்னு நிரூபிச்சு பேப்பர் ஓட்டு போடலாம், அதை தனி கவர்ல வைப்பாங்க. 14 சதவீதம்னு எந்த விதியும் கெடையாது. ஃபார்வர்ட் வந்தா 1950க்கு போன் பண்ணிக் கேளுங்க, இல்ல தேர்தல் கமிஷனோட வெப்சைட்ல பாருங்க.

கேள்வி: காலேஜ் ஐடி காட்டினா விடுவாங்களா? பூத் ஸ்லிப்?

பதில்: ரெண்டும் ஆகாது. ஸ்லிப் பாகம் எண், வரிசை எண் பாக்கத்தான். ஓட்டர் கார்டு, இல்லேன்னா ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், இதுல ஒண்ணு ஒரிஜினலா எடுத்துட்டு வாங்க.

கேள்வி: எங்க தொகுதில நிக்கிறவங்களப் பத்தி நம்பிக்கையா எங்க தெரிஞ்சுக்கிறது? எல்லாரும் ரீல்ஸ்தான் போடுறாங்க.

பதில்: ரீல்ஸ விடுங்க. ஒவ்வொரு வேட்பாளரும் ஃபார்ம் 26னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுக்கணும், அதுல சொத்து, கடன், மேல இருக்குற கிரிமினல் கேஸ், படிப்பு எல்லாம் அவங்களே எழுதிக் கையெழுத்து போட்டிருப்பாங்க. கமிஷன் வெப்சைட்ல யாரு வேணும்னாலும் பாக்கலாம். ஏடிஆர்னு (ADR) தேர்தல் சீர்திருத்தத்துக்காக வேலை செய்யற ஒரு அமைப்போட மைநேதா (MyNeta) தளத்துல அதையே சுருக்கமா போடுவாங்க. ஒரு விஷயம், கேஸ் இருக்குன்னா குற்றவாளின்னு ஆயிடாது, என்ன பிரிவு, எந்த நிலைமைல இருக்குன்னு சேர்த்துப் படிங்க. யாரும் பிடிக்கலேன்னா நோட்டா 2013ல இருந்து இருக்கு, ஆனா அதுக்கே அதிகமா விழுந்தாலும் வேட்பாளர்கள்ல யாரு முன்னாடி இருக்காங்களோ அவங்கதான் ஜெயிப்பாங்க, இதைத் தெரிஞ்சுக்கிட்டு அமுக்குங்க.

கேள்வி: அக்கா, நான் பெங்களூர்ல படிக்கிறேன், ஓட்டு சேலத்துல. தபால் ஓட்டு உண்டா?

பதில்: ஸ்டூடண்ட்டுக்கு கெடையாதும்மா. தபால் ஓட்டு ராணுவத்துல இருக்கவங்க, தேர்தல் டியூட்டில இருக்கவங்க, 85 வயசு தாண்டினவங்க, மாற்றுத்திறனாளிங்க மாதிரி சிலருக்குத்தான். தேதி அறிவிச்ச அன்னிக்கே டிக்கெட் போட்டுடு, ஓட்டு நாளுக்கு முந்தின ராத்திரி பஸ்ல நிக்கக்கூட எடம் கெடைக்காது.