கல்பாசியைச் சோதனைக்குக் கொடுத்தேன், பூசணத்தின் பெயர் வந்திருக்கிறது!

கேள்வி: காரைக்குடியில் மசாலா கடை வைத்திருக்கிறேன். ஏற்றுமதிக்காரர் ஒருவர் கல்பாசியின் அறிவியல் பெயருக்குச் சான்று கேட்டதால், ஏஜென்ட் மூலம் டி.என்.ஏ. சோதனைக்குக் கொடுத்தேன். ‘கிளாடோஸ்போரியம், 99 சதவீதம்’ என்று வந்திருக்கிறது. போலிச் சரக்கை என் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: இந்தக் காகிதத்தை வைத்து அப்படிச் சொல்லவே முடியாது. கிளாடோஸ்போரியம் காற்றில் எங்கும் மிதக்கிற சாதாரணப் பூசணம். கல்பாசி என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன்; அதற்கு வைக்கும் பெயர் உள்ளே இருக்கும் பூஞ்சையின் பெயர்தான். பூஞ்சைகளை அடையாளம் காண ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டைப் படிப்பார்கள், 2012 முதல் அதுதான் பொது அளவுகோல். ஆனால் அதைப் பிடிக்கப் போடும் தூண்டில் எந்தப் பூஞ்சை வந்தாலும் பிடித்துக்கொள்ளும். பல மாதம் காய்ந்து கிடந்த கல்பாசியின் டி.என்.ஏ. சிதைந்திருக்கும், மேலே படிந்த பூசணத்தினுடையது புதிதாக இருக்கும், எது மாட்டும் என்று நீங்களே பாருங்கள்.

அந்த 99 சதவீதம் உங்கள் மூட்டையின் அளவும் இல்லை. கிடைத்த டி.என்.ஏ. எழுத்து வரிசை, கணினியில் இருக்கும் ஒரு வரிசையோடு அவ்வளவு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஜென்பேங்க் மாதிரியான, டி.என்.ஏ. வரிசைகளின் பொதுக் கிடங்கில் ஆய்வாளர் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதிச் சேர்க்கலாம். பூஞ்சை வரிசைகளில் ஐந்தில் ஒன்றுக்குப் பெயரே தப்பாக இருக்கலாம் என்று 2006-லேயே ஓர் ஆய்வு சொல்லிவிட்டது. இதையெல்லாம் ஏஜென்ட் சொல்ல மாட்டார். மாதிரியை லென்ஸ் வைத்துக்கூடப் பார்க்காமல் கூரியரில் தள்ளிவிட்டு கமிஷன் வாங்குகிறவரிடம் இனி போகாதீர்கள், ஆய்வகத்தோடு நேரே பேசுங்கள்.

முதலில் கண்ணால் பாருங்கள். புத்தகத்தில் கல்பாசி என்றால் பார்மோட்ரீமா பெர்லேட்டம்: இதழின் ஓரத்தில் மாவு மாதிரித் துகள் இருக்கும். மேற்பரப்பில் குட்டி விரல் மாதிரி முளைகள் நிறைய இருந்தால் அது அதன் உறவான பார்மோட்ரீமா டிங்க்டோரம் ஆக இருக்கலாம். மேல்தோலைச் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரியும் இடத்தில் ஒரு சொட்டு ப்ளீச் விட்டால் டிங்க்டோரம் சிவக்கும். பெர்லேட்டம் சிவக்காது. சந்தை மூட்டையில் இரண்டும் கலந்தே வரும், வேறு சிலவும் வரும், ஆனாலும் படிவத்தில் ஒரே ஒரு பெயர் எழுதத்தான் கட்டம் இருக்கிறது! மரத்தில் கலந்து வளர்வதைக் கலந்தே பறிக்கிறார்கள் என்று படிவம் போட்டவருக்கு யார் சொல்வது?

பொடித்த சரக்கு மட்டும் வேறு கதை. ஓரமும் முளையும் போய்விடுவதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, டி.என்.ஏ. அங்கே கைகொடுக்கும். அதிலும் ஒரே வரிசையைப் படிக்கும் சாதாரண முறை உதவாது, பல வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். கலவையை ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்கும் மெட்டாபார்கோடிங் வேண்டும், செலவும் கூட. அப்போதும் என்னென்ன இருக்கிறது என்று தெரியுமே தவிர எது எத்தனை கிராம் என்று தெரியாது. அதனால் முழு இதழாக இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மறுபடி அனுப்புவதாக இருந்தால், மூட்டையின் பல இடங்களிலிருந்து எடுத்த இதழ்களைத் தனித்தனி உறையில் போட்டு, மேற்பரப்பைச் சுத்தம் செய்தபின் உள்பகுதியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கச் சொல்லுங்கள். பூசண வாடை அடிக்கும் மூட்டையை, பெயர் எதுவானாலும், விற்காதீர்கள். அப்புறம், ப்ளீச் பட்ட துண்டைத் திரும்ப மூட்டைக்குள் போட்டுவிடாதீர்கள்.