எடை கேட்டால் நில் வருகிறது: லுவாவுக்கும் சி++க்கும் நடுவில் என்ன கோளாறு?

கேள்வி: லாரி எடைமேடைகளுக்கு சி++ மொழியில் மென்பொருள் எழுதித் தருகிறேன். ஈரப்பதக் கழிவு, சாக்குக் கழிவு என்று ஆளுக்கு ஒரு கணக்கு கேட்பதால், அந்த விதிகளை மட்டும் ஸ்கிரிப்டாக எழுத லுவா 5.4 என்ற ஸ்கிரிப்ட் மொழியை உள்ளே வைத்தேன். எடையைப் படிக்கும் என் ஃபங்ஷனை ஸ்கிரிப்ட் அழைத்தால் நில்தான் (லுவாவில் 'மதிப்பு இல்லை' என்பதன் பெயர்) கிடைக்கிறது. வண்டி அசைந்து எடை நிலைக்காவிட்டால் பிழைச் செய்தி வருகிறது. ஆனால் அடுத்த முறை அழைத்ததும் மென்பொருள் உறைந்துவிடுகிறது. ரசீது போடும்போது சில நாள் ஒரு செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. எங்கே தவறு?

பதில்: மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. முதலாவதை உங்கள் நிரலைப் பார்க்காமலே ஊகிக்கலாம்: அந்த ஃபங்ஷனின் கடைசி வரி 'ரிட்டர்ன் 0' என்று இருக்கும். 0 என்றால் எல்லாம் சரி என்பது சி எழுதுகிற எல்லோருக்கும் கையில் ஊறிய பழக்கம். லுவா அந்த எண்ணை வேறு மாதிரி படிக்கிறது.

லுவாவும் உங்கள் நிரலும் மதிப்புகளை ஸ்டாக் என்ற ஓர் அடுக்கின் வழியாகத்தான் கொடுத்து வாங்குகின்றன. ஸ்கிரிப்ட் தந்தவை அடியிலிருந்து 1, 2, 3 என்று இருக்கும். பதிலை நீங்கள் மேலே வைக்க (புஷ் செய்ய) வேண்டும். எத்தனை வைத்தீர்கள் என்பதைத்தான் ரிட்டர்ன் எண் சொல்கிறது. எடையை புஷ் செய்துவிட்டு 0 என்றால், 'நான் ஒன்றும் தரவில்லை' என்று பொருள். அதை 1 ஆக்குங்கள், எடை வந்துவிடும்.

அங்கேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். ஸ்டாக்கிலிருந்து எண்ணை எடுக்க 'டு நம்பர்' என்று ஒன்று, 'செக் நம்பர்' என்று ஒன்று உண்டு. முன்னது, எண்ணாக மாற்ற முடியாத எதைக் கண்டாலும் பேசாமல் 0 தரும். கழிவு சதவீதத்தை யாரோ 'இரண்டு' என்று எழுத்தில் அடித்திருந்தால் கழிவே இல்லாமல் பில் போய்விடும். காசு புழங்கும் இடத்தில் செக் வகையை மட்டும் வையுங்கள்.

அடுத்து, உறைவது. சீரியல் போர்ட்டைத் தொடும் முன் லாக் கார்டு ஒன்றை (பிளாக் முடிந்ததும் தானே திறந்துகொள்ளும் பூட்டு) வைத்திருப்பீர்கள். எடை நிலைக்காதபோது அதே பிளாக்குக்குள்ளிருந்து லுவாவின் எரர் ஃபங்ஷனை அழைத்திருப்பீர்கள். லுவா 1993-ல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சி மொழியில் எழுதப்பட்டது. பிழையை எறிந்து பிடிக்கும் எக்ஸெப்ஷன் வசதி சி-யில் கிடையாது. ஆகவே பிழை என்றதும் அது லாங்ஜம்ப் போட்டு, நடுவில் உள்ள ஃபங்ஷன்களைத் தாண்டிக் குதித்துவிடுகிறது. டிஸ்ட்ரக்டர் (பொருளின் ஆயுள் முடியும்போது தானே ஓடும் துப்புரவு ஃபங்ஷன்) உள்ள பொருள்களைத் தாண்டி இப்படிக் குதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி++ எந்த உறுதியும் தருவதில்லை. பெரும்பாலும் டிஸ்ட்ரக்டர் ஓடாது. பூட்டு பூட்டியபடியே கிடக்கும். அடுத்து வருகிற அழைப்பு அதன் வாசலில் காத்துக்கொண்டே நிற்கும்.

வழி இதுதான். செக் வேலைகளை முதல் வரிகளிலேயே முடியுங்கள், அவையும் குதிக்கக்கூடியவைதானே. அப்புறம் தனி பிளாக் திறந்து பூட்டுங்கள், படியுங்கள், முடிவை ஒரு சாதாரண மாறியில் போட்டு பிளாக்கை மூடுங்கள். வெளியே வந்த பிறகே லுவாவோடு பேச்சு. உங்கள் எக்ஸெப்ஷன்களையும் அந்த பிளாக்கிலேயே பிடித்துவிடுங்கள். சி-யாகக் கம்பைல் ஆன லுவாவுக்குள் அவை புகக் கூடாது. லுவாவையே சி++ ஆகக் கம்பைல் செய்தால் லாங்ஜம்புக்குப் பதில் த்ரோ வரும், டிஸ்ட்ரக்டர்களும் ஓடும். நான் அதை விரும்புவதில்லை. யாராவது எதையும் பிடிக்கும் பொதுவான கேட்ச் ஒன்றை எழுதிவைத்தால் லுவாவின் பிழையும் அதில் மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு யோசனை: எடை நிலைக்காதது அன்றாடம் நடப்பது. அதைப் பிழையாக்காமல், நில்லையும் காரணத்தையும் புஷ் செய்து 2 என்று திருப்புங்கள். கோப்பு திறக்காதபோது லுவாவின் ஐஓ ஓப்பனும் இதைத்தான் செய்கிறது.

சொல்லாமல் மூடிக்கொள்வது எளிது. 'டூஃபைல்' கொண்டு ஸ்கிரிப்டை ஏற்றும்போது பாதுகாப்பு தானாகவே உண்டு. ரசீது நேரத்தில் விதியை அழைக்க, பிழையைப் பிடித்துத் தரும் 'பிகால்' அல்லாமல் வெறும் 'கால்' போட்டிருப்பீர்கள். அதில் பிழை வந்தால் லுவா பேனிக் ஃபங்ஷனுக்குப் போய், அங்கிருந்து அபார்ட், அதாவது மென்பொருளே நின்றுவிடும். செய்தி எழுதத்தான் செய்கிறது, ஆனால் ஸ்டாண்டர்ட் எரரில். கன்சோல் இல்லாத மென்பொருளில் அது யார் கண்ணில் படும்?

லுவா தரும் சரத்தின் பாயின்டரைச் சேமித்து வைக்காதீர்கள், உடனே நகல் எடுங்கள். ஸ்டாக்கை விட்டுப் போனதைக் குப்பை சேகரிப்பான் (பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் லுவாவின் பகுதி) எப்போது வேண்டுமானாலும் அழிக்கலாம். ஒரே கணினியில் இரண்டு மேடை என்றால் குளோபல் மாறி வேண்டாம். மேடையின் பாயின்டரை அப்வேல்யூவாக (ஃபங்ஷனோடு கூடவே ஒட்டியிருக்கும் மதிப்பாக) கட்டி சி குளோஷராகப் பதியுங்கள். கடைசியாக, லுவாவின் நூலகங்களை 'ஓப்பன் லிப்ஸ்' என்று மொத்தமாகத் திறந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கோப்பை அழிக்கும் ஓஎஸ் ரிமூவ் அதில் சேர்ந்தே வருகிறது. கழிவுக் கணக்குக்கு பேஸ், மேத், ஸ்ட்ரிங் மூன்றும் போதும். பேஸில் வரும் டூஃபைல், லோட்ஃபைல் இரண்டுக்கும் நில் வைத்துவிடுங்கள்.