எந்த லெவலில் ஆடுவது? – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 44 வயது. கல்லூரிக் காலத்துக்குப் பிறகு இப்போதுதான் கேம் பக்கம் திரும்பியிருக்கிறேன். அக்கா மகன் தன் பழைய பிஎஸ்4 கேம் கன்சோலைக் கொடுத்து, 2018இல் வந்த 'காட் ஆஃப் வார்' போட்டுத் தந்தான். 'கிவ் மீ எ சேலஞ்ச்' என்ற லெவலில் வைத்துத் தொடங்கினேன். வீட்டுக் கதவைத் தட்டும் அந்த ஒல்லி மனிதனிடமே மூன்று இரவாகச் செத்துக்கொண்டிருக்கிறேன். ஈஸியாக மாற்றலாமா என்றால், "அதுக்கு யூடியூப்லயே பாத்துடலாம் மாமா" என்கிறான். என்ன செய்ய?

க., கோவை

அன்புள்ள க.,

மாற்றுங்கள், இன்றிரவே. ஆனால் ஒரு படி மட்டும் இறங்கி 'பேலன்ஸ்டு'க்கு வாருங்கள். செட்டிங்ஸில் மாற்றினால் போதும், ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஸ்டோரி, பேலன்ஸ்டு, சேலஞ்ச், 'கிவ் மீ காட் ஆஃப் வார்' என்று ஏறிக்கொண்டே போகும் நான்கு லெவலில் உச்சியில் இருக்கும் கடைசி மட்டும்தான் ஏறினால் இறங்க முடியாதது. அதில் சண்டையை இழுத்தால் எதிரி நடுவிலேயே பலம் கூட்டிக்கொள்வான். இப்போதைக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லெவல் சரியா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் உண்டு. செத்த உடனே, எதனால் செத்தேன் என்று சொல்ல முடிகிறதா?

உங்கள் ஒல்லி மனிதனையே எடுத்துக்கொள்வோம். அவன் பாய்வதற்கு முன் சில சமயம் அவன்மேல் ஒரு வளையம் மின்னும். மஞ்சள் என்றால் கேடயத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் நிற்காது. அடி விழும் அந்தக் கணத்தில் கன்ட்ரோலரில் எல்1 பொத்தானை அழுத்தித் தட்டிவிட வேண்டும். சிவப்பு என்றால் கேடயமே உதவாது, விலகத்தான் வேண்டும். மொத்தச் சண்டைக்கும் இதுதான் அரிச்சுவடி. சேலஞ்சில் புதுக் கைக்கு நிறம் கண்ணில் படுவதற்குள் உயிர் போய்விடுகிறது. ஸ்டோரியில் வளையத்தைக் கவனிக்காமலே ஜெயித்துவிடலாம். நான் முதன்முறை ஸ்டோரியில்தான் ஆடினேன். இரண்டு மாலை முழுக்க எல்1-ஐத் தொடவே இல்லை. கோடரியை வீசினேன், முக்கோணப் பொத்தானை அழுத்தித் திரும்ப வாங்கினேன், அவ்வளவுதான். பின்னால் இந்த ஆட்டத்தின் மிகக் கடினமான எதிரிகளான வால்கிரிகளிடம் போய் நின்றபோது தற்காப்பு என்று ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் பேலன்ஸ்டில் முதலிலிருந்து ஆடினேன். ஒரு தப்புக்குப் பாதி உயிர் போகும், மீதிப் பாதியை வைத்துக்கொண்டு யோசிக்க முடியும். "பின்னாடி வர்றான்" என்று நாயகனின் மகன் அட்ரியஸ் கத்துவதை அப்போதுதான் காது கொடுத்துக் கேட்டேன்.

மருமகன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. 'செகிரோ' மாதிரி ஒரே லெவலோடு வரும் ஆட்டங்களில் அந்தக் கஷ்டத்தைக் கடப்பதுதான் ஆட்டமே. ஆனால் இது அப்படிச் செய்யப்பட்டதில்லை. இதில் சாதனைகளுக்குக் கிடைக்கும் எந்த டிராஃபியும் லெவலைப் பார்த்துக் கொடுப்பதில்லை, ஸ்டோரியில் ஆடினாலும் எல்லா டிராஃபியையும் வாங்கியவருக்கான பிளாட்டினம் உண்டு. 2005இல் வந்த முதல் 'காட் ஆஃப் வார்' திரும்பத் திரும்பச் செத்தால் 'ஈஸிக்கு மாறலாமா' என்று தானே கேட்கும். 2020இல் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' இன்னும் ஒரு படி மேலே போனது. எதிரியின் பலம் தனி, கிடைக்கும் தோட்டா, மருந்து தனி, ஒளிந்து நகர்வது தனி என்று ஒவ்வொன்றையும் பிரித்தே கூட்டிக் குறைக்கலாம். அதில் எதிரியைக் கடினமாகவும் தோட்டாவைத் தாராளமாகவும் வைத்து ஆடிப் பாருங்கள், நன்றாக இருக்கும்.

இன்னொன்று. இந்த ஆட்டத்தின் பாதி உயிர் படகில் இருக்கிறது. ஏரியில் துடுப்புப் போடும்போது அப்பனும் பிள்ளையும் தயங்கித் தயங்கிப் பேசிக்கொள்வார்கள், பின்னால் வழித்துணையாக மிமிர் என்பவன் வந்து கதை சொல்லத் தொடங்குவான். வேலை முடிந்து வந்து உட்காரும் ஒரு மணி நேரத்தையும் கதவருகிலேயே செலவழித்தால் அந்தப் படகு உங்களுக்குக் கிடைக்காது.

பேலன்ஸ்டில் நாலைந்து சண்டை சாகாமல் கடந்தால் மறுபடி சேலஞ்சுக்கு ஏற்றுங்கள். கரை இறங்கிச் சுற்றிப் பார்க்காமல் ஏரியைத் தாண்டாதீர்கள். பேச்சு முடிவதற்குள் கரை வந்துவிட்டால், படகை ஓரமாக நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.